அடிக்காமல் நாயைப் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் வளர்ப்போரும் வளர்க்க எண்ணுவோரும் பயிற்சி குறித்துத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. லேப்ரடார், இராஜபாளையம், தெருவிலிருந்து எடுத்து வளர்த்த குட்டி என எந்த நாய்க்கும் அடிப்படை ஒன்றே. வேறுபாடு உள்ள இடங்களை ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

வெகுமதி வழிப் பயிற்சி என்பது என்ன?

நாய் நமக்கு வேண்டிய ஒன்றைச் செய்த அந்த நொடியே அதற்குப் பிடித்த ஏதோ ஒன்று கிடைக்கச் செய்வதும், வேண்டாத ஒன்றைச் செய்யும்போது அதனால் எந்த ஆதாயமும் கிட்டாமல் பார்த்துக்கொள்வதும்தான் இந்த முறையின் சாரம். வெகுமதி என்றவுடன் தின்பண்டம் மட்டுமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. கதவைத் திறந்து விடுவது, பந்து எறிவது, மின்கம்பத்தடியை மோப்பம் பிடிக்க விடுவது, மார்பைச் சொறிந்து கொடுப்பது என அந்த நேரத்தில் நாய் எதை விரும்புகிறதோ அதுவே வெகுமதி. அதைத் தீர்மானிப்பது நாயே தவிர நாம் அல்ல. உச்சந்தலையில் தட்டிக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாய்க்கு, நாம் எவ்வளவு பாசத்தோடு தட்டினாலும், அது வெகுமதி ஆகாது.

இதை நேற்று முளைத்த நாகரிகம் என்று கருதுவோர் உண்டு. 1898இல் எட்வர்ட் தார்ன்டைக் என்னும் அமெரிக்க உளவியலாளர் பூனைகளைத் தாழிட்ட பெட்டிகளில் அடைத்து, அவை தாழைத் திறந்து வெளியே வந்து உணவைப் பெற எடுத்துக்கொள்ளும் நேரம் முயற்சிக்கு முயற்சி குறைவதைப் பதிவு செய்தார். நற்பலன் தரும் செயல் மீண்டும் நிகழும் என்ற அவருடைய முடிவை பி. எஃப். ஸ்கின்னர் 1930களில் விரிவாக ஆராய்ந்தார். ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் இணையர் 1940களில் ஆய்வகத்தை விட்டு வெளியேறி, கோழி, பன்றி, நாய் எனப் பல விலங்குகளைப் பழக்குவதையே தொழிலாக நடத்திக் காட்டினர். ஆயினும் இம்முறையின் வலிமை ஐயமின்றி வெளிப்பட்டது டால்ஃபின்களிடம்தான். டால்ஃபினுக்குச் சங்கிலி போட முடியாது, அடிக்கவும் முடியாது, பிடிக்கவில்லை என்றால் அது குளத்தின் மறுபக்கம் நீந்திப் போய்விடும். விசிலும் மீனும் மட்டுமே பழக்குநரின் கையில் இருந்தன. 1960களில் ஹவாயில் டால்ஃபின்களைப் பழக்கிய கேரன் பிரையர், பின்னாளில் அதே வழியை நாய் வளர்ப்போரிடம் கொண்டுசேர்த்தவர்களில் முதன்மையானவர்.

ஒரு தட்டு தட்டினால் நாய் உடனே நிறுத்திவிடுகிறதே? அப்படியானால் தண்டனையும் பயன் தருகிறதுதானே?

நிறுத்துகிறது என்பது உண்மை. தண்டனை எப்போதுமே பயன் தராது என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் அந்த நொடியில் நடப்பதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். நாய் குரைக்கிறது, நீங்கள் அடிக்கிறீர்கள், குரைப்பு நிற்கிறது. அங்கே உடனடிப் பலன் கிடைத்தது உங்களுக்கு. எனவே அடிக்கும் பழக்கம்தான் வலுப்படுகிறது. அடுத்த நாள் நாய் மீண்டும் குரைக்கிறது. நீங்களும் மீண்டும் கை ஓங்குகிறீர்கள். பல வீடுகளில் இது ஆண்டுக் கணக்கில் நடக்கிறது. உண்மையில் பயன் தந்திருந்தால் இரண்டாம் வாரமே அடிக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

தண்டனை ஒரு பழக்கத்தை நிரந்தரமாக நிறுத்த வேண்டுமானால் அது தவறு நிகழும் அதே நொடியில், ஒவ்வொரு முறையும் தவறாமல், முதல் முறையே போதிய கடுமையுடன் வந்தாக வேண்டும். அலுவலகத்திற்கும் அடுப்படிக்கும் இடையில் ஓடும் ஒருவரால் இது முடியாது. முடிந்தாலும் இன்னொரு குறை எஞ்சுகிறது: எதைச் செய்யக் கூடாது என்பதை மட்டுமே அடி சொல்லும், எதைச் செய்யலாம் என்பதைச் சொல்லாது. வாசலில் ஆள் வந்தால் குரைக்கக் கூடாது, தாவக் கூடாது, ஓடக் கூடாது என்றால் நாய் என்னதான் செய்வது?

இவற்றையெல்லாம் விடக் கவலைக்குரியது, நாய் எதை எதோடு முடிச்சுப் போடும் என்பது நம் கையில் இல்லை என்பதே. தெருவில் சைக்கிளில் போகும் சிறுவனைப் பார்த்து அது ஆர்வத்தோடு குரைக்கிறது. நீங்கள் கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுக்கிறீர்கள். ‘குரைத்தால் வலிக்கும்’ என்று அது கற்கலாம். ‘சிறுவன் வந்தால் வலிக்கும்’ என்றும் கற்கலாம். இரண்டாவதைக் கற்ற நாய்தான் சில மாதங்கள் கழித்து, காரணமே இல்லாமல் பிள்ளைகள் மீது பாய்வதாகப் புகாருக்கு உள்ளாகிறது.

ஆனால் அடி வாங்கிய நாய் அமைதியாக இருக்கிறது. அமைதிதானே நமக்கு வேண்டும்?

அமைதியில் இரு வகை உண்டு. உடல் தளர்ந்து, வாய் சற்றே திறந்து, கண்கள் மென்மையாக இருக்கும் நாயின் அமைதி ஒன்று. காதுகள் பின்னோக்கி ஒட்டி, வால் கால்களுக்கிடையே ஒடுங்கி, உதட்டை அடிக்கடி நக்கிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும் நாயின் அமைதி வேறு. முதலாவது பழகிய நாய், இரண்டாவது பயந்த நாய்.

1967இல் மார்ட்டின் செலிக்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடத்திய, இன்றைய அளவுகோலில் கொடூரமான சோதனை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். என்ன செய்தாலும் தப்ப முடியாதபடி மின்னதிர்ச்சி பெற்ற நாய்களை, பின்னர் எளிதில் தாண்டித் தப்பக்கூடிய தடுப்புள்ள பெட்டியில் விட்டபோது, அவற்றில் பெரும்பாலானவை தப்ப முயலாமல் படுத்துக் கிடந்தன. எதைச் செய்தாலும் வலிதான் என்று கற்ற உயிர், எதையும் செய்வதை விட்டுவிடுகிறது. கடுமையான பழக்குநரிடம் சில வாரங்கள் இருந்துவிட்டு ‘சாதுவாக’ வீடு திரும்பும் நாய்கள் சிலவற்றில் காணப்படுவது இந்த நிலைதான். அதை ஒழுக்கம் என்று பாராட்டுவது எனக்கு வேதனை அளிக்கிறது.

இதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறதா, அல்லது விலங்கு நேயத்தால் சொல்லப்படுவதா?

இரண்டும் இருக்கின்றன. சான்றை மட்டும் பார்ப்போம்.

2004இல் பிரிட்டனில் 364 நாய் உரிமையாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், வெகுமதியை அதிகம் பயன்படுத்தியோரின் நாய்கள் கூடுதலாகச் சொற்கேட்பதும், தண்டனையை அதிகம் பயன்படுத்தியோரின் நாய்களிடம் சிக்கலான நடத்தைகள் கூடுதலாக இருப்பதும் தெரியவந்தது. இத்தகைய கருத்துக் கணிப்பை அப்படியே காரணச் சான்றாகக் கொள்ளக் கூடாது, ஏனெனில் தொல்லை தரும் நாய்தான் அதிகம் அடி வாங்குகிறது என்றும் ஒருவர் வாதிடலாம். அந்த வாதம் நியாயமானதே. எனவேதான் நாய்களை நேரடியாகப் பார்த்து அளந்த ஆய்வுகள் முக்கியமாகின்றன.

2020இல் வெளிவந்த போர்ச்சுகல் ஆய்வு அவற்றில் ஒன்று. போர்ட்டோ நகரை ஒட்டிய ஏழு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 வீட்டு நாய்கள் அதில் இடம்பெற்றன. பயிற்சியின்போது அவற்றைப் படம் பிடித்து, உமிழ்நீரில் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோனை அளந்தனர். தண்டனை முறைகளை மிகுதியாகப் பயன்படுத்திய பள்ளிகளின் நாய்கள் கூடுதலாக உதடு நக்கின, கொட்டாவி விட்டன, இரைத்தன. பயிற்சிக்குப் பின் அவற்றின் கார்டிசால் அளவும் கூடியிருந்தது. பிறகு வேறொரு சோதனை. அறையின் ஒரு பக்கத்தில் வைத்த கிண்ணத்தில் எப்போதும் உணவு இருக்கும், மறுபக்கத்துக் கிண்ணத்தில் எப்போதும் இருக்காது என்று நாய்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, கிண்ணத்தை நடுவில் வைத்தனர். தண்டனைப் பள்ளிகளின் நாய்கள் அதை நோக்கித் தயங்கித் தயங்கியே சென்றன. பயிற்சிக் களத்திற்கு வெளியிலும், எதிர்பார்க்க நல்லது ஒன்றும் இராது என்ற மனநிலை அவற்றைத் தொடர்ந்திருக்கிறது.

அதே ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அழைத்தால் வராத, துரத்தும் பழக்கமுள்ள 63 நாய்களைப் பற்றிய ஒப்பீட்டை வெளியிட்டனர். கழுத்தில் மாட்டி மின்னதிர்ச்சி தரும் பட்டையில் தேர்ந்த பழக்குநர்களே பயிற்சி அளித்தும், வெகுமதி வழியில் பழகிய நாய்களே முதல் அழைப்பிற்குச் சிறப்பாகப் பணிந்தன. மின்பட்டையின் ஆதரவாளர்கள் அதற்கு மிகவும் பொருத்தமானவை என்று சொல்லும் சிக்கல்களே அவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாய் ஓநாயின் வழித்தோன்றல். கூட்டத்தின் தலைவன் நாம்தான் என்று காட்டாவிட்டால் நம்மை அடக்கியாளும் என்கிறார்களே?

இந்தக் கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஆய்வு, சுவிட்சர்லாந்தின் பேசல் உயிரியல் பூங்காவில் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றியது. உறவில்லாத விலங்குகளை ஒரே அடைப்பில் போட்டால் சண்டை நடக்கும், நடந்தது. அதிலிருந்து பிறந்த ‘ஆல்பா’ (சண்டையிட்டு அடக்கியாளும் கூட்டத் தலைவன்) என்ற கருத்தை அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் உலகெங்கும் பரப்பியது. பின்னர் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் அருகிலிருந்து கவனித்த அதே மெக், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்றும், அங்கே பதவிச் சண்டை இருந்தாலும் மிக அரிது என்றும் 1999இல் எழுதினார். தம் பழைய நூலின் பதிப்பை நிறுத்தும்படி பதிப்பகத்தாரை அவரே பலமுறை கேட்டுக்கொண்டார். கருத்தைச் சொன்னவர் கைவிட்ட பிறகும், நம் ஊர்ப் பழக்குநர் பலர் அதைக் கைவிடவில்லை.

இதன் விளைவு ஏட்டோடு நிற்பதில்லை. நாயை மல்லாக்கப் புரட்டி அழுத்துவது, கண்ணோடு கண் முறைப்பது போன்றவை இந்தக் கொள்கையின் பேரால் கற்பிக்கப்படுகின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு நடத்தைச் சிக்கலுக்காக நாயைக் கொண்டுவந்தவர்களிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களின் நாய்களில் 43 விழுக்காடும், புரட்டி அழுத்தப்பட்டவற்றில் 31 விழுக்காடும், முறைத்துப் பார்க்கப்பட்டவற்றில் 30 விழுக்காடும் பதிலுக்குச் சீறின அல்லது கடிக்க முனைந்தன. குழந்தைகள் உள்ள வீட்டில் இதைச் செய்து காட்டுவது ஆபத்து. பெரியவர் செய்வதைப் பார்க்கும் பிள்ளை தானும் ஒரு நாள் செய்து பார்க்கும்.

தின்பண்டம் கொடுத்து வேலை வாங்குவது லஞ்சம் இல்லையா? கையில் ஒன்றும் இல்லாவிட்டால் நாய் கேட்குமா?

லஞ்சம் வேலைக்கு முன்னால் காட்டப்படுவது. வெகுமதி வேலை முடிந்தபின் வருவது. கையில் கோழித்துண்டைக் காட்டி ‘வா, வா’ என்று கெஞ்சினால் அது லஞ்சம்தான். அப்படிப் பழக்கிய நாய் கையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கும். இது முறையின் குறையன்று, செய்யும் விதத்தின் குறை.

‘உட்கார்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். முதலில் துண்டை மூக்கருகே பிடித்து மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். மூக்கு உயர உயரப் பின்புறம் தானே தரையில் படியும். பட்ட நொடியில் ‘சரி’ என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். நாலைந்து முறைக்குப் பிறகு அதே கையசைவை வெறுங்கையால் செய்து, துண்டை மறு கையிலிருந்தோ இடுப்புப் பையிலிருந்தோ கொடுங்கள். கையில் எதுவும் இல்லாதபோதும் வெகுமதி வரும் என்பதை நாய் இங்கேதான் கற்கிறது. கையசைவு நன்றாகப் பதிந்த பிறகே அதற்குச் சற்று முன்னால் ‘உட்கார்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: என்னவென்றே தெரியாத நாயிடம் ‘உட்கார், உட்கார், உட்கார்’ என்று பத்து முறை சொல்லி, அந்தச் சொல்லைக் காதில் விழாத ஓசையாக்கிவிடுகிறார்கள். சொல் தமிழாக இருக்கலாம், ‘சிட்’ என்றும் இருக்கலாம்; வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னால் போதும்.

பழக்கம் உறுதியானபின் ஒவ்வொரு முறைக்கும் கொடுக்க வேண்டியதில்லை. சில முறை தின்பண்டம், சில முறை பாராட்டு, சில முறை பந்து என மாற்றிக் கொடுக்கும்போது பழக்கம் இன்னும் உறுதிப்படும். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதுதான் தவறு.

என்ன கொடுக்கலாம்? உடல் பருத்துவிடாதா?

உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி, ஈரல், முட்டை ஆகியவை பெரும்பாலான நாய்களுக்கு உயிர். சைவ வீடுகளில் பனீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட் போதும். துண்டு ஒரு பட்டாணி அளவைத் தாண்ட வேண்டாம். நாய்க்கு எண்ணிக்கைதான் பெரிது, அளவு அல்ல. ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாக இருக்கக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொது வரம்பு. பயிற்சி அதிகம் உள்ள நாளில் வழக்கமான உணவிலிருந்தே ஒரு பகுதியை எடுத்து வெகுமதியாகக் கொடுத்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும்.

திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, சர்க்கரைக்கு மாற்றான சைலிட்டால் சேர்த்த இனிப்புகள் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். தேநீரோடு நாம் சாப்பிடும் சர்க்கரை பிஸ்கட்டை அன்றாட வெகுமதியாக்குவதும் நல்லதன்று.

நான் சரியாகத்தான் செய்கிறேன், நாய் கற்கவில்லையே?

பெரும்பாலும் நேரம் தவறியிருக்கும். நாய் உட்காருகிறது, நீங்கள் சட்டைப் பையில் கைவிட்டுத் துழாவுகிறீர்கள், அதற்குள் அது எழுந்து உங்கள் கையை முகர்கிறது, அப்போது துண்டு கிடைக்கிறது. எழுந்ததற்குத்தான் அதற்குக் கூலி கிடைத்தது. இந்த இடைவெளியை நிரப்பவே ‘கிளிக்கர்’ என்னும் சிறு கருவி வந்தது. ‘டிக்’ என்ற ஓசை கேட்டால் உணவு நிச்சயம் என்று முதலில் பதியவைத்துவிட்டால், சரியான நொடியை அந்த ஓசையால் குறித்துவிட்டு, உணவை ஓரிரு நொடி தாழ்த்திக் கொடுத்தாலும் நாய்க்குக் குழப்பம் வராது. கருவி கட்டாயமில்லை, எப்போதும் ஒரே தொனியில் சொல்லப்படும் ‘சரி’ என்ற சொல்லே போதும்.

அடுத்த காரணம் இடம். கூடத்தில் கற்ற பாடத்தை நாய் தெருவுக்குத் தானாகக் கொண்டுபோகாது. மாடியில், வாசலில், பூங்காவில் என ஒவ்வோரிடத்திலும் எளிய நிலையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

விருந்தினர் வந்தால் மேலே தாவுகிறது. அடிக்காமல் எப்படி நிறுத்துவது?

தாவினால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். வருபவர் அலறுகிறார், கையை ஆட்டுகிறார், நீங்கள் பெயர் சொல்லிக் கத்துகிறீர்கள், பட்டையைப் பிடித்து இழுக்கிறீர்கள். நாய்க்கு இது முழுக்க முழுக்கக் கவனிப்பு. முழங்காலால் மார்பில் இடிப்பதைக்கூடச் சில நாய்கள் விளையாட்டாகவே எடுத்துக்கொள்கின்றன.

வாசலிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பாயை நிரந்தரமாகப் போடுங்கள். முதல் சில நாட்கள் விருந்தினர் யாரும் வேண்டாம். நாய் பாயில் கால் வைத்தால் ‘சரி’, ஒரு துண்டு, அதுவும் பாயின் மீதே. பிறகு பாயில் உட்கார்ந்தால், பிறகு நீங்கள் இரண்டடி நகர்ந்தாலும் உட்கார்ந்தே இருந்தால். அது பிடிபட்டபின் வீட்டார் ஒருவர் வெளியே போய் அழைப்பு மணியை அடிக்கட்டும். மணி அடித்ததும் நாய் வாசலுக்குப் பாயும். ஒன்றும் சொல்லாமல் காத்திருங்கள், கதவைத் திறக்க வேண்டாம். அது திரும்பிப் பாயைப் பார்க்கும் நேரம் வரும். அங்கே போனதும் தாராளமாகக் கொடுங்கள். சில நாட்களில் மணியோசையே பாய்க்குப் போவதற்கான அழைப்பாகிவிடும். உண்மையான விருந்தினர் வரும்போது ஆரம்பத்தில் லீஷைக் (நாயைப் பிடித்து நடத்தும் வாரை) கையில் வைத்திருங்கள். நான்கு கால்களும் தரையில் இருந்தால் மட்டுமே அவர் நாயிடம் பேச வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். நாயைப் பழக்குவதை விட மாமாவையும் சித்தியையும் பழக்குவதுதான் கடினம் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

நடைக்குப் போகும்போது இழுக்கிறது. சோக் செயின் போடலாமா?

வேண்டாம். சோக் செயினும் முள் பட்டையும் கழுத்தை நெரித்தோ குத்தியோ வேலை செய்பவை. மூச்சுக்குழலும் தைராய்டு சுரப்பியும் இருக்கும் இடம் அது. கழுத்துக்குப் பதில் உடலைச் சுற்றி மாட்டும், மார்புப்பக்கம் கொக்கி உள்ள ஹார்னெஸ் வாங்குங்கள். லீஷ் இறுகினால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள், உங்கள் காலருகே வரும்போதெல்லாம் ஒரு துண்டு கொடுங்கள். தெருநாய்க் கூட்டம் எதிர்ப்பட்டால் பாடம் நடத்தாமல் விலகிப் போய்விடுங்கள். பதற்றத்தில் இருக்கும் நாய் எதையும் கற்காது.

சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுகிறது. குட்டியிலேயே தட்டில் கை வைத்துப் பழக்க வேண்டும் என்கிறார்களே?

பரவலான அறிவுரை, தவறான அறிவுரையும்கூட. சாப்பிடும் நேரமெல்லாம் ஒரு கை வந்து தட்டைத் துழாவினாலோ பிடுங்கினாலோ, கை வந்தால் உணவு போகும் என்றுதான் நாய் கற்கும். நேர்மாறாகக் கற்பியுங்கள். நாய் விறைக்காத தொலைவில் கடந்து செல்லும்போது, தட்டில் இருப்பதை விடச் சுவையான ஒன்றை அதன் பக்கம் போட்டுவிட்டு நடந்துகொண்டே இருங்கள். நாட்கள் செல்லச் செல்ல, நீங்கள் நெருங்கினால் அது தலையை நிமிர்த்தி வால் ஆட்டி எதிர்பார்க்கத் தொடங்கும். அப்போதுதான் ஓரடி இன்னும் கிட்டப் போகலாம். ஏற்கெனவே கடித்திருக்கும் நாயிடமோ சிறு குழந்தை உள்ள வீட்டிலோ இதைத் தனியாக முயலாதீர்கள். நடத்தைச் சிகிச்சை அறிந்த கால்நடை மருத்துவரை நாடுங்கள்.

உறுமலுக்காக ஒருபோதும் அடிக்காதீர்கள் என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அச்சம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். ‘எந்த அறிகுறியும் காட்டாமல் கடித்துவிட்டது’ என்று சொல்லப்படும் நாய்களில் பல, ஒரு காலத்தில் அறிகுறி காட்டி அடி வாங்கியவை. நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென உறுமினால் முதலில் பல், காது, மூட்டு ஆகியவற்றில் வலி இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும்.

வீட்டுக்குள் சிறுநீர் கழித்துவிட்டு, நான் வந்ததும் குற்ற உணர்வோடு பதுங்குகிறது. தவறு என்று தெரிந்துதானே செய்கிறது?

2009இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் ஆய்வாளர் 14 நாய்களைக் கொண்டு இதைச் சோதித்தார். உரிமையாளர் அறையில் இல்லாதபோது நாய் தின்பண்டத்தைத் தின்றதா இல்லையா என்பதை மாற்றி மாற்றிச் சொல்லி, அதற்கேற்ப அவர் திட்டும்படியோ கொஞ்சும்படியோ செய்தார். நாய் தின்றதா என்பதற்கும் அந்தப் ‘பதுங்கும் முகத்திற்கும்’ தொடர்பே இல்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதற்கே தொடர்பு இருந்தது. நாய் உங்கள் முகத்தைப் படித்துத்தான் பதுங்குகிறது. எனவே சிறுநீரில் மூக்கைத் தேய்ப்பது உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் போகக் கற்பிக்குமே தவிர வெளியே போகக் கற்பிக்காது. விழித்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிச் செல்லுங்கள். அங்கே காரியம் முடிந்த நொடியே வெகுமதி கொடுங்கள்.

நம் நாட்டு இனங்கள் முரட்டுத்தனமானவை, அடித்தால்தான் கேட்கும் என்கிறார்களே?

சிப்பிப்பாறையும் கன்னியும் இரையைக் கண்ணால் கண்டு தாமே துரத்துவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கோம்பையும் இராஜபாளையமும் காவலில் பெயர் பெற்றவை. மனிதனின் முகத்தைப் பார்த்து ஒவ்வோர் அடியையும் கேட்டுச் செய்யும் குணம் லேப்ரடாருக்கு இருக்கும் அளவுக்கு இவற்றிடம் இருக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. அதை முரட்டுத்தனம் என்பது சரியன்று. இவை அடியை எளிதில் மறப்பதுமில்லை; ஒருமுறை நம்பிக்கை குலைந்தால் மீட்பது நீண்ட வேலை. ஓட விடுவது, துணிச்சுருளைத் துரத்த விடுவது போன்றவற்றை வெகுமதியாக வைத்துப் பாருங்கள். கோழித்துண்டுக்கு அசையாத சிப்பிப்பாறை அதற்கு அசையும். சுற்றுச்சுவர் இல்லாத இடத்தில் அதை அவிழ்த்துவிடாமல் நீளக் கயிற்றில் பழக்குங்கள்.

எத்தனை வயதில் தொடங்கலாம்? வயதான நாய் கற்குமா?

குட்டி வீட்டுக்கு வந்த அன்றே தொடங்கலாம். ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரை புதிய ஆட்களையும் ஓசைகளையும் அச்சமின்றி ஏற்கும் பருவம். அதில் விழும் அடி ஆழமாகப் பதியும். தடுப்பூசி முடியும்வரை குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவைக் காட்டுங்கள். வயதான நாயும் கற்கும்.

அப்படியானால் ‘கூடாது’ என்றே சொல்லக் கூடாதா?

சொல்லலாம், ஆனால் அதற்குப் பின் ‘இதைச் செய்’ என்பதும் வர வேண்டும். வெகுமதி வழி என்பது செல்லம் கொடுத்துக் கெடுப்பதன்று. செருப்பை அலமாரியில் பூட்டி வைப்பது, குப்பைத் தொட்டிக்கு மூடி போடுவது, கடித்து விளையாடினால் விளையாட்டை நிறுத்திவிட்டு அரை நிமிடம் எழுந்து போய்விடுவது எல்லாம் கட்டுப்பாடுகளே. ஒரு பழக்கத்திற்குப் பலன் கிடைப்பதை நிறுத்தும்போது, அது மறைவதற்கு முன் சில நாட்கள் இன்னும் கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அந்தச் சில நாட்களில் மனம் இளகி ஒரு முறை விட்டுக்கொடுத்தால், உரக்கக் குரைத்தால் கிடைக்கும் என்று கற்பித்தவர் ஆகிவிடுவீர்கள்.

தீபாவளி வெடிச் சத்தத்திற்கு நடுங்கும்போது தின்பண்டம் கொடுத்தால் பயத்திற்கே வெகுமதி கொடுத்தது ஆகாதா?

ஆகாது. பயம் நாய் தேர்ந்தெடுத்துச் செய்யும் செயலன்று. உணவால் அது வளராது. சத்தத்திற்குப் பின் தவறாமல் நல்ல உணவு வந்தால் பயம் குறையவே செய்யும். தீபாவளிக்குப் பல வாரங்கள் முன்பே பதிவு செய்த வெடியோசையை நாய் காதைத் திருப்பும் அளவுக்கு மட்டும் மெல்லியதாக ஒலிக்கவிட்டு, உடனே கோழி கொடுங்கள். நிதானமாக இருந்தால் மட்டும் அடுத்த நாள் ஓசையைச் சற்றுக் கூட்டுங்கள். கடும் அச்சம் உள்ள நாய்க்கு மருந்து தேவைப்படலாம். அதைக் கடைசி நாளன்று கேட்காமல் முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்கை அடிப்பது, உதைப்பது, தேவையற்ற வலி தருவது ஆகியவற்றைக் குற்றமாக்குகிறது. நியாயமற்ற அளவுக்குக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே வைக்கும் நாய்க்கு உரிய நடை தராமல் இருப்பதும் அதே பிரிவில் அடங்கும். இச்சட்டம் பிறக்க மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். பின்னர் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. முதல் குற்றத்திற்கான அபராதம் 10 முதல் 50 ரூபாய் என்று அன்று எழுதப்பட்டது. அந்தத் தொகை இன்று யாரையும் அச்சுறுத்தாது. வேல்ஸ் நாடு மின்னதிர்ச்சிப் பட்டைகளை 2010இலேயே தடை செய்துவிட்டது.

நல்ல பழக்குநரை எப்படித் தெரிந்துகொள்வது?

நாய் தவறு செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். ‘கண்டிப்பேன்’, ‘திருத்துவேன்’ என்ற பொதுச் சொற்களோடு விட்டுவிடாமல், எந்தக் கருவியால், எந்த அளவுக்கு என்று விளக்கச் சொல்லுங்கள். அவர் பழக்கும் வேறு நாய்களை ஒரு வகுப்பில் பாருங்கள்: பழக்குநர் நெருங்கும்போது அவற்றின் வால் எங்கே இருக்கிறது, உடல் தளர்ந்திருக்கிறதா, குறுகுகிறதா? இத்தனை நாளில் முடித்துத் தருகிறேன் என்று உறுதி கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நாயைத் தம்மிடமே விட்டுவிட்டுப் போகச் சொல்பவராக இருந்தால், முன்னறிவிப்பின்றி எந்த நேரமும் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். உரிமையாளர் பக்கத்தில் இருந்தால் நாய் கற்காது என்று பதில் வந்தால், நாயைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.